மூர்த்தி தலைக்கட்டு

எம்பத்தஞ்சு, எம்பத்தாறு வாக்குல மேட்டுக்குப்பத்து மணியம்மாள் பேசறான்னா தோணிரேவுலேருந்து ஆரம்பாக்கம் வரைக்கும் ஆளு கெளம்பி வரும். எறா கம்பெனிக்காரனோட தகராறா, ஆபீசுல மனு குடுக்கணுமா, கூப்புடு மணியம்மாளைன்னுவாங்க. வந்து நிப்பா. மைக்கைத் தள்ளி வெச்சிட்டு கூட்டத்தைப் பாத்து ஒரு கேள்வி கேப்பா. கேட்டுட்டு சும்மா நிப்பா. எதிர்ல இருக்கறவங்க யாராவது பதில் சொன்னாத்தான் அடுத்த பேச்சு. "இன்னா தைரியம் பாரேன் இந்தப் பொம்பளைக்கு"ன்னு ஜனம் பேசிக்கும். தைரியமாவது மண்ணாவது. மேடைக்குப் போறதுக்கு முன்னால அந்தம்மாவுக்கு மூணு தடவை வயித்தைக் கலக்கும். கை சும்மா இருக்காம முந்தானையை முறுக்கும். அவ வாழ்க்கையைச் சொல்லணும்னா பயத்துலேருந்துதான் ஆரம்பிக்கணும், வேற வழியில்லை.

மேட்டுக்குப்பத்துக்கு ஒரு பக்கம் கடலு, ஒரு பக்கம் பழவேற்காட்டு ஏரி. ஏரியில எல்லா எடத்துலயும் எறா கெடைச்சிடாது. முகத்துவாரத்துக்குக் கிட்ட தண்ணி ஓடுது பாருங்க, அங்க குச்சி நட்டு வலை கட்டினாத்தான் உண்டு. எல்லாரும் ஒரே எடத்துல போய் நின்னா மண்டை ஒடையும். அதனால மொறை வெச்சிக்கினாங்க. இன்னிக்கு இவன், நாளைக்கு அவன். அந்த மொறைக்குப் பேருதான் பாடு. பாடு இருக்கற வூட்ல சோறு வேகும். இல்லாதவன் கடல்ல கூலிக்கு வலை இழுக்கணும், பொம்பளையா இருந்தா கம்பெனி ஷெட்டுல எறா உரிக்கணும். ஒரு தலைக்கட்டுக்கு ஒரு பாடு. கல்யாணமாகித் தனி அடுப்பு மூட்டினவன் ஒரு தலைக்கட்டு. பங்குனி மாசம் எல்லையம்மன் கோயில் வாசல்ல ஆம்பளைங்க கூட்டம் போட்டு, பேர் படிச்சு, சீட்டு எடுத்து, யாருக்கு எந்த நாளுன்னு முடிவு பண்ணுவாங்க.

மணியம்மாள் புருஷன் மூர்த்தி எழுபத்தொம்பது ஐப்பசியில ஏரியோட போனான். சாயங்காலம் காத்து திரும்பிச்சு, தோணி கவுந்துச்சு, மூணாம் நாள் பொணமா கரைக்கு வந்தான். அவளுக்கு அப்போ முப்பத்துமூணு வயசு. ரெண்டு பொண்ணு. பெரியவளுக்குப் பதினொண்ணு, சின்னவளுக்கு ஆறு. பையன் இல்லை.

பையன் இல்லைன்னா இன்னா ஆகும்னு ஊருக்கே தெரியும். பங்குனிக் கூட்டத்துல செத்தவன் பேரை மூணு தடவை படிப்பாங்க. ஆண் வாரிசு எழுந்து "இருக்கோம்"னு சொல்லணும். சொல்ல ஆளில்லைன்னா பேரை அடிச்சிட்டு, பாட்டைப் பங்காளிகிட்ட குடுத்துடுவாங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னால கஸ்தூரியம்மாளுக்கு அதான் ஆச்சு. வேலி ஓரத்துல நின்னு அவ அழுத அழுகைக்கு ஒரு பதிலும் வரலை. பாடு போன மறுவாரமே பழவேற்காடு கம்பெனி ஷெட்டுக்கு எறா உரிக்க வந்துட்டா. அவ கை விரலெல்லாம் எறா முள்ளு குத்திப் புண்ணு. ராத்திரியானா மணியம்மாள் கண்ணு முன்னால அந்த விரலுங்கதான் வரும். தன் பொண்ணுங்க விரலைப் புடிச்சிப் பாத்துக்கினே தூங்குவா.

மூர்த்தியோட தம்பி துளசிங்கம் கெட்டவன் இல்லை. கெட்டவனா இருந்தா அவனைத் திட்டியாவது பயத்தைத் தீத்துக்கலாம். கருமாதி முடிஞ்ச அன்னிக்கு வந்து தலையைக் குனிஞ்சிக்கினு சொன்னான்: "அண்ணி, கொழந்தைங்களுக்கு ஒரு வேளை கஞ்சி என் வூட்லேருந்து வரும். பாட்டுக்காக ஊருல சத்தம் போட்டுடாதீங்க. தலைவரு கோவக்காரரு. தள்ளி வெச்சிட்டாங்கன்னா பக்கத்து வூட்ல நெருப்பு கூட வாங்க முடியாது." அவனுக்கு நாலு கொழந்தைங்க. அண்ணன் பாடும் சேந்து வந்தா மூத்தவளைக் கட்டிக் குடுத்துடலாம்னு கணக்குப் போட்டிருந்தான். அவன் சொன்னதுல பொய்யில்லை, அதான் மணியம்மாளுக்குப் பயம்.

மார்கழியில அவளும் ஷெட்டுக்குப் போக ஆரம்பிச்சா. விடியக்காலையில தோணி ஏறி பழவேற்காட்டுல எறங்கணும். கஸ்தூரிக்குப் பக்கத்துல எடம் கெடைச்சுது. கஸ்தூரி அதிகம் பேச மாட்டா. உரிப்பா, தொட்டியில போடுவா, உரிப்பா.

ஷெட்டு வாசல்ல ஒரு கூர்க்கா. பேரு தில்பகதூர், அந்தப் பேரு சம்பளச் சீட்டுல மட்டும்தான் இருந்துது. வேலைக்கு வந்த மொத நாளு உள்ள எட்டிப் பாத்து, "தீதி, தீதி"ன்னு கூப்புட்டான். அவன் பாஷையில அக்கான்னு அர்த்தமாம். இவளுங்களுக்கு அது எங்க தெரியும்? தீ புடிச்சிடுச்சுன்னு கத்தியைப் போட்டுட்டு நாப்பது பொம்பளைங்க ஏரிப் பக்கம் ஓடினாளுங்க. பரக்கத் பீவின்னு ஒருத்தி இடுப்பளவு தண்ணியில எறங்கியே நின்னுட்டா. அதுலேருந்து அவன் வாயைத் தொறந்தாலே சிரிப்புதான்.

ஆனா அந்த வருஷம் கூர்க்கா பேசிக்கினே இருந்தான். அவன் ஊருல இருபது வருஷமா ராஜா வெச்சதுதான் சட்டம். கட்சின்னு ஒண்ணு இருக்கக் கூடாது, அரசியல் கூட்டம் போட்டா ஜெயிலு. இப்போ ஜனம் ரோட்டுல எறங்கினதால, இதே ஆட்சி இருக்கணுமா, கட்சிங்க வரணுமான்னு ஓட்டு கேக்கப் போறாங்களாம். அதனால ஊரூருக்கு மேடையாம். ஒளிஞ்சிருந்த பேச்சாளருங்கல்லாம் வெளியில வந்துட்டாங்களாம். தம்பிகிட்டேருந்து காயிதம் வந்தா சாப்பாட்டு நேரத்துல ஷெட்டு வாசல்ல குந்திப் படிச்சிப் படிச்சிச் சொல்லுவான். தகரப் பொட்டி மூடிக்கு உள்பக்கம் பேப்பர்லேருந்து வெட்டின படமா ஒட்டி வெச்சிருந்தான். இவளுங்க சாமி படம்னு நெனைச்சிருந்தாளுங்க. அவ்வளவும் பேச்சாளருங்க.

ஒருத்தரு வக்கீலு. மைக்கே இல்லாம அந்த மலைக்கும் இந்த மலைக்கும் கேக்கறாப்பல பேசுவாராம். கூர்க்கா எழுந்து நின்னு கையை ஓங்கிப் பேசிக் காட்டுவான், மேஸ்திரி வந்து வெரட்டுவான். இன்னொருத்தரு வேதம் படிச்ச பண்டிதரு. எல்லா சாதிக்காரன் கையாலயும் நடுச் சந்தையில தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு, "எனக்கு இன்னா கொறைஞ்சு போச்சு, சொல்லுங்க"ன்னு கேட்டவராம். மூணாவது ஒரு அம்மா. பள்ளிக்கூடத்து டீச்சரு. "குருஆமா"ன்னுவான்.

"யாரு ஆமான்னாங்க?" பரக்கத் பீவி கேப்பா.

"ஆமான்னா அம்மா, தீதி. எங்க பாஷையில."

"ஆமா ஆமா"ன்னு ஷெட்டே சிரிக்கும். மணியம்மாள் சிரிக்க மாட்டா. அந்த டீச்சரைப் பத்திச் சொன்னா மட்டும் அவ கை நின்னு போகும்.

காரணம் இதுதான். அந்தம்மாவுக்கு சத்தம் வராதாம். ஆளு ஒல்லி. பேச எழுந்தா கை நடுங்கும், முன் வரிசைக்காரனுக்கே நல்லாத் தெரியுமாம். வக்கீலு பேச்சைக் கேட்டு ஜனம் கை தட்டிட்டு வூட்டுக்குப் போய்த் தூங்கிடுமாம். இந்தம்மா பேசினா தூங்க முடியாதாம். ஏன்னா அவங்க எதையும் சொல்ல மாட்டாங்க, கேப்பாங்க. "உன் வயல்ல வெளைஞ்சுது யாருது?" கேட்டுட்டு நிப்பாங்க. ஒரு பீடி முடியற நேரம் ஆனாலும் நிப்பாங்க.

"அவ்ளோ நேரம் பயமா இருக்காதா?" மணியம்மாள் கேட்டா.

"அவங்களுக்கா? ரொம்பப் பயம் தீதி. ஆனா சும்மா நின்னா, அந்தப் பயம் கேக்கறவனுக்குப் போயிடும்."

"அப்புறம் இன்னா ஆச்சு அந்தம்மாவுக்கு?"

கூர்க்கா பொட்டியை மூடினான். "போலீசு புடிச்சிக்கினு போச்சு. மூணு வருஷம். இப்போ மறுபடியும் பேசறாங்களாம்"னு சொல்லிட்டு கேட்டாண்ட போயிட்டான்.

பங்குனி நெருங்க நெருங்க மணியம்மாளுக்குச் சோறு எறங்கலை. கூட்டத்துல பொம்பளை பேசக் கூடாதுன்னு எழுதி வெச்ச சட்டம் ஒண்ணும் கெடையாது. இதுவரைக்கும் யாரும் பேசினதில்லை, அவ்வளவுதான். எழுதாத சட்டம்தான் கெட்ட சட்டம், யாருகிட்ட போய் மாத்துன்னு கேப்பீங்க? படகுல போறப்போ உதட்டுக்குள்ள "இருக்கோம், இருக்கோம்"னு சொல்லிப் பாப்பா. காத்துதான் வரும். ஒரு நாளு எறா தொட்டிக்குப் பின்னால போய் சத்தமாச் சொல்லிப் பாத்தா. தன் கொரலே அடுத்தவ கொரல் மாதிரி கேட்டு, யாரோ வந்துட்டாங்கன்னு திரும்பிப் பாத்தா. கேட்டா தள்ளி வெச்சிடுவாங்க, கேக்கலைன்னா பொண்ணுங்க விரல் புண்ணாயிடும். ரெண்டுல எதுக்குப் பயப்படறதுன்னு தெரியாம ரெண்டுக்கும் சேத்துப் பயந்தா.

கூட்டத்தன்னிக்கு சாயங்காலம் நாலு மணி. கோயில் வாசல்ல விளக்கேத்தினாங்க. அந்த விளக்கு எரியற வரைக்கும் தலைவரு வாயிலேருந்து வர்றது அம்மன் வாக்கு, திருப்பி வாங்க முடியாது. பேரைப் படிப்பாங்க, "இருக்கோம்"னு பதில் வரும், சீட்டை எடுப்பாங்க, தலைவர் நீலமேகம் அதைக் கையில குடுத்து, "வெள்ளிக்கெழமை உன் பாடு" "அமாவாசைக்கு மறுநாளு உன் பாடு"ன்னு சொல்லுவாரு. சொன்னா முடிஞ்சுது. பொம்பளைங்க சவுக்கு வேலிக்கு வெளிய நின்னு பாப்பாங்க.

நாப்பது பேரு படிச்சாச்சு. மணியம்மாள் வேலிக் குச்சியைப் புடிச்சிருந்தா, குச்சியும் சேந்து ஆடுச்சு. சின்னவ, "அம்மா, ஏன் நடுங்கறே, குளுருதா?"ன்னு கேட்டா. பங்குனி வெயிலு.

"மூர்த்தி தலைக்கட்டு."

வேலிக் குச்சியை இன்னும் இறுக்கிப் புடிச்சா.

"மூர்த்தி தலைக்கட்டு."

துளசிங்கம் எழுந்திருக்க வேட்டியைச் சரி பண்ணிக்கினான். செத்தவன் பேரை ஊரே கேட்டுக்கினு சும்மா குந்தியிருக்கு, தன் வாயும் சேந்து சும்மா இருக்குன்னு மணியம்மாள் நெனைச்சா.

"மூர்த்தி தலைக்..."

"இருக்கோம்."

அவ்வளவு சத்தமா வரும்னு அவளே எதிர்பாக்கலை. நூறு தலை திரும்புச்சு. அப்பத்தான் தெரிஞ்சுது, எப்படியோ வேலியைத் தாண்டி உள்ள வந்து நிக்கறா.

நீலமேகம் மொதல்ல சாந்தமாத்தான் பேசினாரு. "மணியம்மா, வூட்டுக்குப் போ. ஆம்பளைங்க பேசற எடம்."

போயிடலாம்னுதான் காலு சொல்லுச்சு. ஆனா அந்தக் காலு தரையில பாவவே இல்லை, திரும்பறதுக்கும் பலம் வேணும் இல்லையா? நின்னா. முந்தானையை முறுக்கிக்கினே கேட்டா:

"மாமா, எங்க வூட்டுக்காரருக்குக் கல்யாணத்துக்கு முன்னால பாடு இருந்துதா?"

அவ நின்னா. காக்கா கத்துச்சு. யாரோ இருமினாங்க. கடைசியில கெழவன் சடையன், "அதெப்படி இருக்கும்? அடுப்பு மூட்டினாத்தானே பாடு"ன்னு முணுமுணுத்தான்.

"அப்போ பாடு ஆம்பளைக்கா, அடுப்புக்கா?"

மறுபடியும் நின்னா. ஒண்ணுக்கு வந்துடுமோன்னு பயம். கூட்டத்துல ஒருத்தன் இன்னொருத்தனைப் பாத்தான். பதில் தெரியாததால இல்லை, தெரிஞ்சதால.

"அடுப்பை மூட்டினது நான்தானே? அது இன்னும் எரியுதே. அப்போ மூர்த்தி தலைக்கட்டு இருக்கா, இல்லையா?"

நீலமேகத்துக்கு முகம் செவந்து போச்சு. ஒரு பொம்பளை கேள்வி மேல கேள்வி கேக்கறதும், ஊரு வாயை மூடிக்கினு இருக்கறதும் அவரால தாங்க முடியலை. கையை உதறினாரு. "உன் வூட்டு அடுப்பு எரிஞ்சா இன்னா, அவிஞ்சா இன்னா? அது உன் பாடு. ஊரை ஏன் கேக்கறே?"

சொல்லிட்டாரு. வேற ஊருல, வேற நேரத்துல அது ஒரு பேச்சே இல்லை. எவனும் எவனையும் பாத்துச் சொல்றதுதான். ஆனா விளக்கு எரியுது. தலைவரு வாயி. உன் பாடு.

மணியம்மாளுக்கே மொதல்ல ஒறைக்கலை. சடையன் நாக்கைக் கடிச்சிக்கினதைப் பாத்துத்தான் ஒறைச்சுது. ஒறைச்சதும் பயம் ரெண்டு பங்காச்சு. கையில எதுவும் இல்லாதவ பயப்படறது ஒரு தினுசு. கைக்குக் கிட்ட வந்தது போயிடப் போவுதேன்னு பயப்படறது வேற தினுசு, அது ஈரக்கொலையை அறுக்கும்.

"தலைவரு இன்னா சொன்னாரு? கேட்டவங்க சொல்லுங்க."

"நான் அந்த அர்த்தத்துல சொல்லலை"ன்னு நீலமேகம் கத்தினாரு. "எவன் கேட்டான்? எவனாவது கேட்டீங்களாடா?"

எல்லாருக்கும் வலை இருக்கு, தோணி இருக்கு, தலைவரு தயவு வேணும். அவ ஒவ்வொரு மூஞ்சா பாத்தா. பாத்த மூஞ்சியெல்லாம் மண்ணைப் பாத்துச்சு. அவ புருஷனோட தோணியில போனவங்க, அவ கையால சோறு துன்னவங்க. எவ்வளவு நேரம் நின்னாளோ, அவளுக்கு அது மூர்த்தியைத் தேடின மூணு நாளை விட நீளமா இருந்துது.

"உன் பாடுன்னு சொன்னாரு."

துளசிங்கம். எழுந்து நின்னான். "நான் கேட்டேன். விளக்கு எரியறப்போ கேட்டுட்டு, கேக்கலைன்னு எப்படிச் சொல்றது? அண்ணி பாடுதான்." சொல்லிட்டு யாரையும் பாக்காம கோயிலைச் சுத்திக்கினு வூட்டுக்குப் போயிட்டான். அவன் பொண்டாட்டி பச்சையம்மா வேலிக்கு வெளியிலேருந்து தலையிலடிச்சிக்கினா. அதுக்கப்புறம் ஏழு வருஷம் அந்த வூட்லேருந்து மணியம்மாள் கிட்ட ஒரு பேச்சு கெடையாது.

சீட்டு அவ கைக்கு வந்துது. செவ்வாக்கெழமை.

மறுநாளு காலையில ஷெட்டு வாசல்லயே கூர்க்காவைப் புடிச்சிக்கினா. நடந்ததையெல்லாம் மூச்சு வாங்கச் சொன்னா. உங்க டீச்சரம்மா மாதிரியே நின்னேன் தம்பின்னு சொன்னா. சந்தோஷப்படுவான்னு பாத்தா, அவன் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான்: "கேட்டேன்னு சொன்னது யாரு?"

"என் கொழுந்தன். பாடு அவனுக்குப் போகவேண்டியது."

கூர்க்கா தொப்பியைக் கழட்டி மடியில வெச்சிக்கினான். "எங்க ஊருக் கூட்டத்துல நானூறு பேரு தீதி. குருஆமா ராஜா படத்தைக் கொளுத்தச் சொன்னாங்கன்னு போலீசு பொய் சொல்லுச்சு. அவங்க எங்களைப் பாத்துக் கேட்டாங்க, நான் அப்படிச் சொன்னேனா, கேட்டவங்க சொல்லுங்கன்னு. நின்னாங்க. ஒரு பீடி நேரம். நான் முன் வரிசை, தரையைப் பாத்துக்கினு இருந்தேன்." பொட்டியில படம் ஒட்டி வெச்சிக்கினு ஊரு விட்டு ஊரு வந்து எதுக்குக் காவல் காக்கறான்னு அவளுக்கு அப்போ புரிஞ்சுது.

புரிஞ்சதும் பகீர்னுது. அவனுக்காக இல்லை. ரெண்டு வருஷத்துக்கு முந்தி நடந்த பங்குனிக் கூட்டம் கண்ணு முன்னால வந்துது. கஸ்தூரி வேலி ஓரத்துல நின்னு, பக்கத்துல இருந்த பொம்பளைங்களைப் பாத்து, "நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்களேன்"னு அழுதா. அப்போ மணியம்மாளுக்குப் புருஷன் இருந்தான், பாடு இருந்துது. குனிஞ்சு சின்னவளுக்கு ஜடை பின்னிவிட்டா. அவுழாத ஜடையை அவுத்துப் பின்னினா.

உள்ள போனா. கஸ்தூரி எப்பவும் போல உரிச்சிக்கினு இருந்தா. மணியம்மாள் பக்கத்துல குந்தினா, எறாவைக் கையில எடுக்கலை. நேத்து நூறு ஆம்பளைங்க எதிர்ல இருந்ததை விட இப்போ பெரிய பயம்.

"கஸ்தூரி, உன் பாடு போனன்னிக்கு நானும் வேலியாண்டதான் இருந்தேன். நான் வாயைத் தொறக்கலை."

கஸ்தூரி தலையைத் தூக்கலை.

"தெரியும். நான் உன்னைத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

சொல்லிட்டு, உரிச்ச எறாவைத் தொட்டியில போட்டுட்டு அடுத்ததை எடுத்தா.